மரத்தடியில கொஞ்ச நேரம்: பினாங்கு கவுன்சலர் அக்காகிட்ட கேளுங்க

கேள்வி: அக்கா, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில 12 மணி நேர ஷிஃப்ட். லீவு கிடைச்சா தூக்கம்தான். வாரத்துக்கு எவ்வளவு நேரம் பார்க்ல இருந்தா மனசுக்கு நல்லது?

பதில்: 2019ல இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பேர்கிட்ட எடுத்த சர்வேல, வாரத்துக்கு 120 நிமிஷமாவது மரம் செடி இருக்கிற இடத்துல இருந்தவங்க, போகவே போகாதவங்கள விட நல்லா இருக்கோம்னு சொல்லிருக்காங்க தம்பி. ஒரே நாள்ல போனாலும் பிச்சு பிச்சு போனாலும் பெருசா வித்தியாசம் இல்ல. நல்லா இருக்கிறவங்கதான் பார்க்குக்கு போறாங்களோன்னும் கேக்கலாம், நியாயமான சந்தேகம்தான், ஆனா உங்களுக்கு நான் சொல்றது, ஷிஃப்டுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு 20 நிமிஷம் ஃபோனை பாக்கெட்ல போட்டுட்டு பக்கத்துல இருக்கிற மரத்தடில உக்காருங்க.

கேள்வி: 14வது மாடி ஃப்ளாட். அம்மாவுக்கு முட்டி வலி, கீழ இறங்கவே மாட்டேங்கிறாங்க.

பதில்: அம்மாவோட நாற்காலிய ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கம்மா, கொடிமலை (பினாங்கு ஹில்) தெரிஞ்சா இன்னும் நல்லது. 1984ல உல்ரிச்னு ஒருத்தர் எழுதின ஆய்வு இருக்கு, பென்சில்வேனியா ஆஸ்பத்திரில பித்தப்பை ஆபரேஷன் செஞ்சவங்கள்ல 23 பேருக்கு ஜன்னல்ல மரம் தெரிஞ்சது, 23 பேருக்கு செங்கல் சுவர், மரம் பாத்தவங்க சீக்கிரம் வீட்டுக்கு போனாங்க, பவரான வலி மருந்தும் கம்மியாத்தான் கேட்டாங்க. சின்ன ஆய்வுதான், ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது. கறிவேப்பிலை, துளசி ரெண்டு தொட்டி வச்சு தண்ணி ஊத்துற வேலைய அம்மாகிட்டயே குடுங்க. அடித்தட்டுல தண்ணி தேங்க விடாதீங்க, ஏடிஸ் கொசு வந்துரும்.

கேள்வி: தினம் சாயந்திரம் மெயின் ரோட்டோரமா நடக்கிறேன், ஆனா மண்டைக்குள்ள பழைய சண்டையே ஓடிக்கிட்டு இருக்கு.

பதில்: ரோட்டை மாத்திப் பாருங்கண்ணே. 2015ல ஸ்டான்ஃபோர்ட்ல 38 பேரை 90 நிமிஷம் நடக்க விட்டாங்க, பாதி பேர் மரம் புல்லு இருக்கிற இடத்துல, மீதி பேர் வண்டி ஓடுற பெரிய ரோட்டோரம். மரத்துக்குள்ள நடந்தவங்களுக்குத்தான் அந்த அரைச்ச மாவையே அரைக்கிற யோசனை குறைஞ்சது. நமக்கு தண்ணீர்மலை தோட்டம், அதாவது பினாங்கு தாவரவியல் பூங்கா இருக்கே, 1884ல இருந்து இருக்கு, காசு இல்லாம உள்ள போகலாம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க. குரங்குக்கு சாப்பாடு மட்டும் போடாதீங்க.

கேள்வி: புகைமூட்டம் வந்தா?

பதில்: ஐபியு, அதாவது காத்து எவ்வளவு மாசா இருக்குன்னு சொல்ற எண், 100 தாண்டினா வெளிய வேணாம்.

கேள்வி: டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுறேன் அக்கா. நிறுத்திட்டு தினம் பார்க்குக்கு போகவா?

பதில்: வேணாம் கண்ணு. பார்க் கூட வர்ற துணை, மருந்துக்கு பதில் இல்ல. திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம், குறைக்கணும்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு மெதுவா குறைக்கணும். எந்திரிக்கவே முடியாத நாள்ல பார்க்குக்கு போகலையேன்னு உங்கள நீங்களே திட்டிக்காதீங்க, வாசல் வரைக்கும் வந்து நின்னாலும் போதும். உயிரோட இருக்க வேணாம்னு தோணிச்சுன்னா காத்திருக்காதீங்க, மலேசியாவோட மனநல உதவி லைன் 15555க்கு கூப்பிடுங்க, ராத்திரி நேரமா இருந்தா நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிருங்க, யாரையாவது கூட கூட்டிட்டு.