முறைசார் நிறுவனங்களுக்குச் 'சட்டத்தின் ஆட்சி' குறியீடு பொருந்துமா?

நாடுகளில் சட்டம் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதற்கு மதிப்பெண் தரும் உலக வங்கியின் 'சட்டத்தின் ஆட்சி' குறியீட்டை, உங்கள் ஆய்வில் முறைசார் நிறுவனங்களின் (formal institutions; அமைப்புகள் அல்ல, சமூகத்தை நெறிப்படுத்தும் முறையான விதிகள்) அளவீடாகக் கொண்டதை உங்கள் நெறியாளர் ஏற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய மறுப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். நீங்கள் பின்பற்றும் பொருளியல் அறிஞர் டக்ளஸ் நார்த்தின் 1990-ஆம் ஆண்டு வரையறைப்படி, அரசியலமைப்பு, சட்டம், சொத்துரிமை போன்ற வகுக்கப்பட்ட விதிகளே முறைசார்ந்தவை. அந்தக் குறியீடோ வல்லுநர்கள், தொழில் நடத்துவோர், குடும்பங்கள் ஆகியோரின் கருத்துகளைத் திரட்டுவதால், விதியும் அதன் அமலாக்கமும் மக்களின் நம்பிக்கையும் அதில் பிரிக்க இயலாதவாறு கலந்துவிடுகின்றன.

இதைவிட ஆழமான சிக்கலை கிளேசர், லா போர்ட்டா, லோபெஸ்-டி-சிலானெஸ், ஷ்லைஃபர் ஆகிய பொருளியலாளர்கள் 2004-இல் சுட்டிக்காட்டினர். எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தாத ஒரு சர்வாதிகாரி தன் விருப்பத்தால் சொத்துகளைப் பறிக்காமல் இருந்தால், அந்நாடும் இத்தகைய குறியீடுகளில் உயர்ந்த மதிப்பெண் பெறும். அங்கே அளக்கப்படுவது நிலையான கட்டுப்பாடு அன்று, ஆட்சியாளர் தாமே எடுக்கும் முடிவு. வருமானம் உயரும்போது மதிப்பெண்ணும் உயர்வதால், காரணம் எது விளைவு எது என்ற கேள்வியும் தீராது.

ஆகவே விதியையும் நடைமுறையையும் இரு தனி மாறிகளாக வையுங்கள். விதிக்கு, அரசியலமைப்புகளின் வாசகத்தைக் குறியிட்டுத் தொகுத்த ஒப்பீட்டு அரசியலமைப்புத் திட்டத்தின் தரவு உதவும். நீதித்துறைச் சுதந்திரத்தை இவ்வாறு பிரித்து ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஃபெல்டும் ஃபோய்க்டும், ஏட்டளவிலான சுதந்திரம் வளர்ச்சியோடு தொடர்பின்றியும் நடைமுறைச் சுதந்திரம் தொடர்புடனும் இருப்பதை 2003-இல் காட்டினர். ஒன்று மட்டும் கவனியுங்கள்: எழுத்து விதிகள் அரிதாகவே மாறுவதால், குறுகிய காலத் தரவில் நாட்டு நிலைவிளைவுகளை (fixed effects; ஒவ்வொரு நாட்டின் மாறாத தன்மைகளைக் கழித்துவிடும் மாறிகள்) சேர்த்தால் அவ்விதிகளின் தாக்கம் ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிடும். எனவே, சட்டத்திருத்தம் நிகழ்ந்த நாடுகளைத் தேர்ந்து, திருத்தத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதே உங்களுக்கு ஏற்றது.