நாற்பதாயிரத்துக்கு ஒரு கிறுக்கு வண்டி

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. ஊரில் யாரிடமும் இல்லாத ஒரு பழைய வண்டி வேண்டும். யமஹா ஆர்.எக்ஸ். 100 விலை எட்டவில்லை. மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 1989 யெஸ்டி ரோட்கிங், ஓடுகிறது, 38,000 சொல்கிறார்கள், ஆனால் ஆர்.சி. புக்கில் உள்ளவர் இறந்துவிட்டார். என்ஃபீல்டு எக்ஸ்புளோரர், சாக்கில் கழற்றிக் கட்டியிருக்கிறது, 9,000, பேப்பர் இல்லை. 1996 பஜாஜ் சேட்டக், ஓடுகிறது, 12,000, எஃப்.சி. முடிந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை, அவரும் ஓட்டுகிற மாதிரி இதில் ஒன்றை மூன்று சக்கரமாக மாற்ற முடியுமா?"

முதலில் சாக்கு மூட்டையை முடித்துவிடுவோம். வேண்டாம்.

எக்ஸ்புளோரர் மோசமான வண்டி என்று நான் சொல்லவில்லை. புல்லட் கம்பெனி என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கும் என்ஃபீல்டு, எண்பதுகளில் ஜெர்மனியின் ஜுண்டாப் கம்பெனி வடிவங்களை வாங்கி இங்கே செய்த சின்ன வண்டிகளில் அது ஒன்று. 50 சி.சி. எக்ஸ்புளோரர், சில்வர் பிளஸ், அதே குடும்பத்தில் பெரியதாக ஃபியூரி. இவற்றோடு வெறும் 22 சி.சி.யில் மோஃபா என்று ஒன்றும் என்ஃபீல்டிடமிருந்து வந்தது, பெரிய சைக்கிள் மாதிரி இருக்கும். எல்லாமே அழகுதான். ஆனால் சாக்கில் இருக்கும் வண்டியில் எது இல்லை என்பது பூட்டி முடிக்கிற அன்றைக்குத்தான் தெரியும். எக்ஸ்புளோரருக்கு இல்லாத சாமானைச் சென்னையின் பழைய சாமான் சந்தையான புதுப்பேட்டையில் கேட்டால், நீங்கள் ஏதோ பறவையின் பெயரைச் சொன்ன மாதிரி பார்ப்பார்கள். அதற்கு மேல் பேப்பரும் இல்லை என்றால் நீங்கள் வாங்குவது வண்டி அல்ல, 9,000 ரூபாய்க்குப் பழைய இரும்பு.

பேப்பர் விஷயத்தில் நான் சூடுபட்டவன். பல வருஷத்துக்கு முன் ஒரு ராஜ்தூத் 175 வாங்கினேன். 11,000 ரூபாய், ஒரே உதையில் ஸ்டார்ட். சந்தோஷத்தில் எண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. பெயர் மாற்றப் போன இடத்தில் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்தால், நடுவில் இரண்டு இலக்கம் மட்டும் உயரம் தப்பி நிற்கிறது. யாரோ அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். விற்றவர் போனை எடுக்கவே இல்லை. அந்த வண்டி இன்றும் கொட்டகையில் நிற்கிறது, கோழி முட்டையிடுகிறது.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது மண்ணெண்ணெயில் நனைத்த துணி, ஒரு பென்சில், கொஞ்சம் மெல்லிய தாள் எடுத்துப் போங்கள். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் இருக்கும் இடத்தில் அழுக்கைத் துடையுங்கள். தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேயுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழ வேண்டும். எண்ணைச் சுற்றி மட்டும் உலோகம் வழவழவென்று இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதுசாக இருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். பிறகு தாளை ஆர்.சி.யோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றிய வண்டிகள் நிறைய உண்டு. அதை ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால்தான் பயமில்லை.

அடுத்து, அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எம்.எஸ்., டி.எம். என்று தொடங்கும் மூன்றெழுத்துப் பழைய எண்கள் பல கணினியில் ஏறாமலே இருக்கின்றன. அப்படியானால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்ற வேண்டும், அங்கே 'பேக்லாக்' என்பார்கள். ஒரிஜினல் ஆர்.சி. புக் கையில் இருந்தால் இது அலைச்சல், இல்லாவிட்டால் தலைவலி. ஆர்.சி. புக்கில் எச்.பி. முத்திரை, அதாவது கடனில் வாங்கிய வண்டி என்ற முத்திரை, இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்பதுகளில் கடன் கொடுத்த பைனான்ஸ்காரர் கடையை மூடி இருபது வருஷம் ஆகியிருக்கும். தடையில்லாச் சான்று வாங்க இப்போது யாரைத் தேடுவீர்கள்? பல நல்ல வண்டிகள் இந்த ஒரு முத்திரையால்தான் மலிவாகக் கிடைக்கின்றன.

உங்கள் சேட்டக்குக்கு வருவோம். எஃப்.சி. என்று ஊரில் சொன்னாலும் சொந்த இரு சக்கர வண்டிக்கு அது பதிவுப் புதுப்பிப்புதான். முதல் பதிவு 15 வருஷத்துக்கு, அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாக. 1996 வண்டி என்றால் 2011, 2016, 2021 என்று புதுப்பித்து வந்திருக்க வேண்டும். எந்த வருஷத்தோடு நின்றது என்று பாருங்கள். புதுப்பிக்கும் கட்டணத்தோடு பசுமை வரியும் உண்டு. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் என்று மத்திய விதியில் இருக்கிறது, வருஷத்துக்கு 3,600. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மொத்தத் தொகையைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதை 12,000-த்தில் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். 'எஃப்.சி. முடிஞ்சிருச்சு, சின்ன வேலைதான் தம்பி' என்று சொல்கிறவரிடம், அந்தச் சின்ன வேலையை முடித்துத் தரச் சொல்லிப் பாருங்கள்.

டெல்லியில் 15 வருஷமான பெட்ரோல் வண்டிக்கு இருக்கும் கெடுபிடி இங்கே இல்லை. அதனாலேயே அங்கிருந்து நல்ல நல்ல வண்டிகள் இந்தப் பக்கம் வருகின்றன. படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிவிடாதீர்கள். வேறு மாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே மறுபதிவும் வரியும் உண்டு.

யெஸ்டியின் கதை வேறு. ஆர்.சி.யில் உள்ளவர் இறந்திருந்தால் வண்டி அவர் பெயரிலிருந்து நேராக உங்களுக்கு வராது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்து ஃபாரம் 31-இல் முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும், மற்ற வாரிசுகள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் ஃபாரம் 29, 30 போட்டு உங்களுக்கு. வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று பக்கத்து டீக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். சிரிக்காதீர்கள், ஒரு தங்கச்சி கையெழுத்துப் போடாததால் மூன்று வருஷம் நின்ற வண்டியை எனக்குத் தெரியும்.

வாரிசுகள் ஒத்துவந்தால், மூன்றில் என் மனசு யெஸ்டி பக்கம்தான். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் செக்கோஸ்லோவாக்கியா ஜாவாவைச் செய்யத் தொடங்கி, பிறகு யெஸ்டி என்று பெயர் மாற்றி, 1996-இல் மூடியது. 250 சி.சி., ஒரே சிலிண்டர், ஆனால் சைலன்சர் இரண்டு. கிக்கர் தனியாகக் கிடையாது. கியர் லீவரையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்ததும் இறக்கி விட்டால் மறுபடி கியர். தெரியாதவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்கலாம். திருடனுக்கும் இதே கதிதான். கியர் மாற்றும்போது லீவரே கிளட்சையும் விலக்கிவிடும், கை கிளட்ச் புறப்படவும் நிற்கவும்தான் கட்டாயம். இதெல்லாம் வேறு எந்த வண்டியில் இருக்கிறது?

பார்க்கும்போது, விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் 'ஆறட்டும்' என்று சொல்லி டீ குடிக்கப் போங்கள். ஆறின இன்ஜினை நீங்களே உதையுங்கள். பெட்ரோலோடு ஆயிலும் எரிகிற டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் முதலில் புகை வரத்தான் செய்யும், அது பரவாயில்லை. பத்து நிமிஷம் ஓடிய பிறகும் வெள்ளையாக, கெட்டியாக, கருகின கியர் ஆயில் வாசனையோடு வந்தால் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போயிருக்கிறது. கியர் பாக்ஸ் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கிறது. சீல் விலை குறைவுதான், அதை மாற்ற எவ்வளவு பிரிக்க வேண்டும் என்பதுதான் செலவு. அப்புறம் வண்டியை அணைத்துவிட்டு, வலது பக்க மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே சுற்றுகிற டைனமோ பாகத்தை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கிராங்க் பேரிங் தேய்ந்துவிட்டது. கிராங்க் வேலை என்றால் லேத், பிரஸ், அதைச் சரியாக நேர் பார்க்கத் தெரிந்த கை. விலையில் 10,000 குறைக்காமல் வாங்காதீர்கள்.

ஆட்டிப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் பேச ஒன்றுமில்லை.

பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். பளபளவென்ற டேங்குக்குள் டார்ச் அடித்தால் செம்மண் குளம் தெரியும். வெளியே துருவோடு, உள்ளே சுத்தமாக இருக்கிற டேங்க் எவ்வளவோ மேல். பழைய யெஸ்டிகளில் மின்சாரம் 6 வோல்ட், ராத்திரியில் ஹெட்லைட் அகல் விளக்குதான். 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

38,000 கொடுத்துவிட்டுப் பையில் 2,000-த்தோடு நிற்கக் கூடாது. பழைய வண்டியில் என் கணக்கு, கையில் உள்ளதில் பாதிக்குச் சற்று மேல் வண்டிக்கு, மீதி முதல் ஆறு மாசத்துக்கு. இரண்டு டயர், டியூப், கேபிள்கள், பிரேக் ஷூ, செயின் செட், பிளாட்டினம் (பிளக்கில் பொறி வரவைக்கும் பாயின்ட்), கண்டென்சர், பெட்ரோல் ஓஸ் என்று போனாலே தொகை கரைந்துவிடும். ஓஸைக் கட்டாயம் மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊறவைத்து நொறுக்கிவிடும், தண்ணீரையும் இழுக்கும். ஒரு வாரம் ஓட்ட மாட்டீர்கள் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகி இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். டேங்கில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் அளந்து கலக்க வேண்டும். என் யெஸ்டிக்கு லிட்டருக்கு 35 மி.லி. ஊற்றுகிறேன். கூடினால் பிளக் கறுக்கும். மறந்தால் பிஸ்டன் பிடிக்கும். அதனால் இருமல் மருந்து மூடி ஒன்று எப்போதும் டூல் பாக்ஸில் கிடக்கும்.

இதையெல்லாம் விட முந்தியது ஒன்று: வண்டியைப் பார்ப்பதற்கு முன் மெக்கானிக்கைப் பாருங்கள். திண்டுக்கல்லிலோ மதுரையிலோ அறுபது வயதைத் தாண்டிய, பிளாட்டினம் இடைவெளியைப் பிளேடால் வைக்கிற ஒருவர் இன்னும் இருப்பார். 'அண்ணே, எந்த வண்டி எடுத்தா நீங்க பார்ப்பீங்க?' என்று கேளுங்கள். அவர் ராஜ்தூத் என்றால் ராஜ்தூத், லாம்பி ஸ்கூட்டர் என்றால் லாம்பி. யெஸ்டியை அவர் தொட மாட்டேன் என்றால், நான் இவ்வளவு சொன்னதும் வீண்.

சேட்டக் அப்படி இல்லை. எந்த ஊரிலும் பார்ப்பார்கள், சாமான் கிடைக்கும், ஸ்டெப்னி கூடவே வருகிறது. இன்ஜின் வலது பக்கம் தொங்குவதால் லேசாக ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டார்ட் ஆகாவிட்டால் சாய்த்துப் பிடித்து உதைக்கிற சடங்கும் இலவசம். 'யாரிடமும் இல்லாத வண்டி' இல்லைதான். ஆனால் உங்கள் தெருவில் கடைசியாகச் சேட்டக் ஓட்டியது யார், எப்போது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பா விஷயம். வண்டியின் வடிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தராது. குஜராத்தில் புல்லட்டின் முன்பாதியோடு ஓடும் சக்டா, போருக்குப் பின் மிஞ்சிய ஹார்லிகளை வைத்து டெல்லியில் ஓடிய பட்பட்டி, நம் வடசென்னை மீன்பாடி வண்டி, எல்லாம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அந்த மாதிரி யெஸ்டியை வெட்டி ஒட்டினால் ஆர்.சி.யும் போகும், விபத்து என்றால் இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும். உடல் குறைபாடு உள்ளவர்களுக்காக மாற்றி அமைப்பதற்கு மட்டும் சட்டத்தில் வழி உண்டு. நாம் ரோட்டில் பார்க்கிற சைடு வீல் ஸ்கூட்டர் அந்த வகை. ஆர்.டி.ஓ.விடம் காட்டி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், ஓட்டுநர் உரிமமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் அந்த வரம்புக்குள் வருமா என்பதை டாக்டரிடமும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் முதலில் கேளுங்கள்.

அப்படியே கிடைத்தாலும் சேட்டக்கில் வேண்டாம். அதில் பின் பிரேக் வலது காலில். முழங்கால் வலிக்கிறவர் அவசரத்தில் மிதிக்க வேண்டியது அதைத்தான். உதைத்து ஸ்டார்ட் செய்வதும் அந்தக் காலால்தான். கியர் இல்லாத, பட்டன் ஸ்டார்ட், இரண்டு பிரேக்கும் கையில் இருக்கிற ஸ்கூட்டர் பாருங்கள். சைடு வீல் போட்டபின் வண்டி சாயாது என்பதை அவர் பழக வேண்டும். திருப்பத்தில் வழக்கம்போல் வேகமாகப் போனால் கவிழ்க்கும். இன்னொன்று, ரோடு குழிவாக இருக்கும் இடத்தில் இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் ஏறி, நடுவில் இருக்கும் பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, இறங்கித் தள்ளினால் போதும். ஆனால் தள்ள ஆள் வேண்டும். முதல் ஒரு மாசம் நீங்கள் யெஸ்டியில் பின்னாலேயே போங்கள்.

ஜூலை மாசம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜாவா–யெஸ்டி நாள். பல ஊர்களில் வண்டிகள் கூடும், வாங்கியிருந்தாலும் வாங்காவிட்டாலும் போய் நில்லுங்கள். உங்கள் வண்டிக்கு எந்த மூலையில் என்ன சாமான் கிடைக்கும் என்பது அங்கே இரண்டு டீயில் தெரிந்துவிடும். யெஸ்டி வாரிசுகளுக்கு மட்டும் இன்றைக்கே போன் போட்டு, எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.