முதல் ஏர் ரைஃபிள்: 4.5 மி.மீட்டரா, 5.5 மி.மீட்டரா?

இணைப்பாட நடவடிக்கையில் சுடப் பழகிய மகளுக்குச் சொந்த ரைஃபிள் வாங்க எண்ணி, எந்தக் காலிபர் (குழலின் உள்விட்டம்) என்று கேட்டிருக்கிறீர்கள். 4.5 மி.மீ. தான். 10 மீட்டர் போட்டி முழுக்க அந்த அளவில்தான் நடக்கிறது. 5.5 மி.மீ. குண்டு கனமானது, வேட்டைக்கு ஏற்றது. சிங்கப்பூரில் அதற்கு வேலையே இல்லை. உரிமம் இல்லாமல் ஏர் ரைஃபிளை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பதால், முதலில் கிளப்பில் பேசுங்கள்.

காலிபரைவிடப் பொருத்தம்தான் முக்கியம். போட்டி விதிப்படி ரைஃபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. சிறு உடம்புக்கு 4 கிலோ போதும். கனம் கூடினால் முதுகு வளையும், குறி அலையும். தோளில் பதியும் பின்கட்டையின் நீளமும் கன்னம் சாயும் கன்னக்கட்டையின் உயரமும் மாற்றக்கூடியதாக இருக்கட்டும், பிள்ளை வளர்கிறாளே!

பழையது வாங்கினால் காற்று சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆண்டுதான் ஆயுள். அது முடிந்திருந்தால் புது சிலிண்டர் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

குண்டு தட்டை மூக்குள்ளதாக இருக்க வேண்டும்; இலக்கு அட்டையில் வட்டமாகத் துளை விழும். தலை விட்டம் 4.49 மி.மீ., 4.50 மி.மீ. உள்ள குண்டுகள் இரண்டிலும் ஐந்தைந்து சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வாங்குங்கள். இலக்கின் நடுவே பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ.