மெஷின் பாலிஷ் போட்ட கறுப்பு காரில் வெயில் பட்டால் வட்ட வட்டமாகக் கோடு தெரிவது ஏன்?

கும்பகோணத்தில் ரோட்டரி மெஷினில் (பேட் ஒரே அச்சில் சுற்றுவது) பாலிஷ் போட்டதாகவும், நிழலில் பளிச்சென்று இருந்த பானட் வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கார் பெயிண்ட் மென்மையான ரகம் போலிருக்கிறது. அதில் முரட்டு காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை) பழைய கீறலை எடுத்த கையோடு புதிதாகக் கீறிவிடும். கறுப்பில் அது அப்படியே தெரியும்.

சரிசெய்ய டூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும்), மெத்தென்ற ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ் (கடைசியாகப் போடும் நைசான பாலிஷ்) போதும். மெஷினின் எடையே போதும், மேலே சாய்ந்து அழுத்த வேண்டாம். முதலில் இரண்டு சாண் இடத்தில் போட்டு, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே கோடில்லாமல் வந்த பிறகுதான் மற்ற இடம். பேடை அடிக்கடி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிடும். அதனால் வருடா வருடம் பாலிஷ் வேண்டவே வேண்டாம்.

நம் டெல்டாவில் இன்னொன்று. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும்போது படிகிற உமித் தூசியில் சிலிக்கா அதிகம். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். முதலில் நிறையத் தண்ணீர் அடித்து இறக்குங்கள், பிறகு ஷாம்பு.