கேளுங்க, சொல்றோம்

வாசகி, திண்டுக்கல்: 'ஃபயர்ஃப்ளை'ங்கற விண்வெளி சீரியலை அப்போ டிவில பார்த்தவங்க குழம்பிட்டாங்கன்னு என் தம்பி சொல்றான், நான் டிவிடில பார்த்தப்போ ஒரு குழப்பமும் இல்லையே?

அதாங்க விஷயம், நீங்க பார்த்தது சரியான எபிசோட் வரிசை! 2002-ல அமெரிக்காவுல ஃபாக்ஸ் சேனல்காரங்களுக்கு 'செரினிட்டி'ங்கற ரெண்டு மணி நேர முதல் எபிசோட் பிடிக்கல, ஆக்‌ஷன் பத்தலையாம், உடனே வேற ஒண்ணு வேணும்னு கேட்க, சீரியலை உருவாக்கின ஜாஸ் வீடனும் அவர்கூட இருந்த தயாரிப்பாளர் டிம் மினியரும் ஒரு வீக்எண்டுலயே உக்காந்து 'தி ட்ரெயின் ஜாப்' எழுதிக் குடுத்தாங்க, செப்டம்பர் 20-ம் தேதி முதல்ல ஓடினது அதுதான். இப்போ யோசிச்சுப் பாருங்க, அந்த டாக்டர் சைமன் தன் தங்கச்சி ரிவரை பெட்டிக்குள்ள உறைய வச்சு விண்கப்பல்ல கொண்டு வர்றதே அந்த முதல் எபிசோட்லதான், அதைப் பார்க்காதவனுக்கு யாருடா இந்தப் பொண்ணு, ஏன் இப்படி மிரளுதுன்னு எப்படிப் புரியும்? கல்யாணச் சாப்பாட்டுல பாயசத்தைப் போட்டுட்டு கடைசியா இலையை விரிச்ச மாதிரி, அந்த முதல் எபிசோடை டிசம்பர் 20-ம் தேதி போட்டாங்க, அதுவும் சீரியலை நிறுத்தறதுன்னு முடிவான பிறகு!

எடுத்தது 14 எபிசோட், அப்போ ஃபாக்ஸ்ல வந்தது 11தான். 2003 டிசம்பர்ல டிவிடி வந்தப்போதான் எல்லாம் அதது இடத்துல உக்காந்துச்சு. வரிசை மாத்தினதால மட்டும் சீரியல் படுத்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன், வெள்ளிக்கிழமை ராத்திரி எவன் வீட்ல உக்காந்து டிவி பார்ப்பான்?

தம்பிகிட்ட சாரி கேட்டுடுங்க.