'கொரெக்ற்' என்று எழுதினால் பிழையா?

கேள்வி: என் மகள் தரம் 7 இல் படிக்கிறாள். வகுப்புப் பரீட்சையில் 'றோங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தார்கள். மகள் 'கொரெக்ற்' என்று எழுதினாள். ரீச்சர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி 'றைற்' என்று எழுதிவிட்டார். வீட்டிலுள்ள அகராதியில் பார்த்தால் இரண்டுக்கும் 'சரி' என்றுதான் போட்டிருக்கிறது. பிள்ளை இரண்டு நாளாய் ஆங்கிலக் கொப்பியைத் தொடவில்லை. எனக்கும் ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. எது சரி அக்கா? பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்கலாமா?
ஒரு தாய், மல்லாவி

பதில்:

தங்கச்சி, பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தி முதலில் இதைச் சொல்லுங்கள்: அவள் எழுதியது பிழையில்லை. 'றோங்' என்றதும் வாயில் வரும் சோடி 'றைற்' என்பது உண்மைதான். ஆனால் விடை, கணக்கு, எழுத்துக்கூட்டல் போன்றவற்றைப் பற்றிய பேச்சென்றால் 'றைற்' என்றாலும் 'கொரெக்ற்' என்றாலும் ஆங்கிலம் பேசுகிற எவரும் ஏற்றுக்கொள்வார்.

ரீச்சர் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கலாம். 'கொரெக்ற்' என்ற சொல்லுக்கு 'இன்கொரெக்ற்' என்று அதிலிருந்தே பிறந்த எதிர்ச்சொல் உண்டு. 'ட்ரூ' என்றால் 'ஃபோல்ஸ்'. இப்படிச் சோடி கட்டிப் படிப்பிக்கும்போது 'றோங்' வந்தால் 'றைற்' என்ற ஒன்றையே எதிர்பார்ப்பது வழக்கம். ஒரு புள்ளி போனது பெரிய விசயமில்லை. தனக்கு ஆங்கிலம் வராது என்று பிள்ளை நினைத்துவிட்டாளே, எனக்கு அதுதான் கவலை.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். நாங்கள் 'சரி' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே நாள் முழுக்கச் சமாளிக்கிறோம். கணக்குச் சரி. நீ சொன்னது சரி. சட்டை அளவு சரி. சரி, வெளிக்கிடுவம். அவன் செய்தது சரியில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பல சொற்கள் பங்குபோட்டுச் செய்கின்றன. ஆகவே, எந்த 'றோங்' என்று கேட்டால்தான் எதிர்ச்சொல் கிடைக்கும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. றிம் வளைந்த சைக்கிளைக் கொண்டுபோனால் கடைக்கார ஐயா அதைத் தலைகீழாக நிறுத்துவார். சில்லைச் சுழற்றிவிட்டு, றிம்முக்குப் பக்கத்தில் ஒரு வெண்கட்டித் துண்டை அசையாமல் பிடிப்பார். வளைந்த இடம் வரும்போது மட்டும் வெண்கட்டி 'சர்' என்று உரசிக் கோடு விழும். அந்த இடத்துக் கம்பிகளை, ஒன்றை இறுக்கி ஒன்றைத் தளர்த்தி, மறுபடியும் சுற்றிப் பார்ப்பார். வெண்கட்டி எங்கேயும் படாமல் சில்லு ஓடும்வரை விடமாட்டார். 'கோட்டம் எடுக்கிறது' என்போமே, அதுதான்.

அந்தக் கடைக்குள்ளேயே உங்கள் மகளின் கேள்விக்கு முக்கால்வாசி விடை இருக்கிறது. 'றோங்' என்பது ஏறத்தாழ 1,000 வருடங்களுக்கு முன்பு நோர்ஸ் மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் பழைய பொருள் கோணல், வளைவு. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதைச் சொல்லும் 'றிங்' அதற்குச் சொந்தக்காரச் சொல். இரண்டுக்கும் முன்னால் வாயில் வராத ஒரு 'டபிள்யூ' நிற்கும், எழுதும்போது பிள்ளை அதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'றைற்' என்பதன் பழைய பொருள் நேர். 'கொரெக்ற்' லத்தீனிலிருந்து வந்தது, வளைந்ததை நேராக்குவது என்று பொருள். அதனால்தான் அது வினைச்சொல்லாகவும் வரும். ரீச்சர் கொப்பி திருத்துவதும் 'கொரெக்ற்' பண்ணுவதுதான். கோட்டம் இல்லாமல் ஓடும் சில்லை ஆங்கிலத்தில் 'ட்ரூ' என்றே சொல்வார்கள்.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. நல்லாட்சியைச் செங்கோல் என்றும் கெட்ட ஆட்சியைக் கொடுங்கோல் என்றும் சொல்கிறோம். செங்கோல் நேரான கோல், கொடுங்கோல் வளைந்த கோல். நேர்மை என்ற சொல்லுக்குள்ளேயே நேர் இருக்கிறது. இதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள் தங்கச்சி. ஆங்கிலம் வேறு உலகத்துச் சாமான் என்ற பயம் பாதி போய்விடும்.

இனி மற்றச் சொற்கள். ஒரு கதை நடந்ததா, கட்டுக்கதையா என்றால் 'ட்ரூ'. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்கும்போது ஒருவர் கையை விரித்து "ஒரு இருபத்தைந்து இருக்கும்" என்கிறார். மற்றவர் அளவுகோலைப் பார்த்து "24 அடி 7 அங்குலம்" என்கிறார். இரண்டாமவர் சொன்னது 'அக்கியூரேற்'. கவனமாகச் செய்தது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது.

சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விடும்போது ஒருவர் இரவோடு இரவாக அடுத்தவரின் முறையையும் தன் வயலுக்குத் திருப்பிவிட்டால் அதுவும் 'றோங்'தான். ஆனால் அங்கே 'கொரெக்ற்' என்ற சொல்லுக்கு வேலை இல்லை. எல்லோருக்கும் பங்கு சரியாகப் போனால் அது 'ஃபெயார்'. அடுத்தவரின் தண்ணீரை எடுக்காமல் இருப்பது 'றைற்'. கணக்கைப் போட்டுப் பார்த்துச் சொல்வதற்கு 'கொரெக்ற்' போதும், மனச்சாட்சியைக் கேட்டுச் சொல்லவேண்டிய இடத்தில் 'றைற்' தான் வேண்டும். இரண்டு சொல்லுக்கும் நடுவே பெரிய வேறுபாடு என்று நான் நினைப்பது இதைத்தான்.

'றைற்' இன்னும் ஒரு வேலை செய்யும். 2017 இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவுச் சனம், படையினர் வசமிருந்த தங்கள் காணியைக் கேட்டு வெயிலிலும் மழையிலும் றோட்டோரம் இருந்தார்கள். அவர்கள் கேட்ட காணி உரிமையை ஆங்கிலத்தில் 'லாண்ட் றைற்ஸ்' என்போம். அதே சொல்தான். உரிமை என்ற பொருளில் அங்கே 'கொரெக்ற்' வரவே வராது. வலது கையும் 'றைற்', பஸ் நடத்துநர் தட்டிச் சொல்வதும் 'றைற்'. அதெல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும்.

வீட்டில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். எதிர்ச்சொல்லைத் தனியாகப் பாடமாக்க விடாதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் அது யாரோடு கூட்டாகத் திரிகிறதோ அந்தச் சொல்லோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: கொரெக்ற் ஸ்பெலிங், ட்ரூ ஸ்ரோரி, ஃபெயார் ஷெயார், றைற் பேர்சன். 'றோங் நம்பர்' என்று போனில் எல்லோரும் சொல்கிறோம், அதற்கு எதிர் 'றைற் நம்பர்'. இரவில் குப்பி விளக்கடியிலோ லைற் வெளிச்சத்திலோ ஒரு நாளைக்கு இரண்டு எழுதினால் போதும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இதற்குத் தடையில்லை. அவள் சொல்லச் சொல்ல, "இது எந்தச் சரி, கணக்குச் சரியா, நியாயச் சரியா?" என்று தமிழில் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குத் தாராளமாகப் போங்கள். புள்ளி கேட்டுப் போகவேண்டாம், மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் கேட்கவும் வேண்டாம். வகுப்பு முடிந்து ரீச்சர் ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். நீங்கள் கதைப்பதைவிட மகள் கதைப்பது நல்லது. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அவள் கொப்பியை நீட்டி ஆங்கிலத்திலேயே கேட்கட்டும்: "ரீச்சர், இஸ் கொரெக்ற் ஓல்சோ றைற்?"