கேம் பாய் வேவ் சேனலில் பேஸ் ஏன் இரைகிறது?

கேள்வி: டிராக்கர் என்கிற இசை மென்பொருளில், நின்டெண்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய்க்கு இசையமைக்கிறேன். அலை வடிவத்தை நாமே வரையக்கூடிய வேவ் சேனலில் சைன் அலை வரைந்து பேஸ் (தாழ்ந்த சுரங்கள்) வாசித்தால், ஹெட்ஃபோனில் கூடவே ஓர் இரைச்சல் வருகிறது. சின்ன ஸ்பீக்கரில் பேஸே கேட்பதில்லை. அலையை எப்படி வரைவது?

பதில்: நீங்கள் வரைந்ததில் குறையில்லை. பேஸுக்குச் சைன்தான் ஒத்துவராது.

அந்தச் சேனலில் அலையின் ஒரு சுற்றுக்கு 32 படிகள்; ஒவ்வொன்றுக்கும் உயரம் 0 முதல் 15 வரை. எவ்வளவு பார்த்துப் பார்த்து வரைந்தாலும் வெளியே வருவது படிக்கட்டுதான். அந்தப் படிகள் எழுப்பும் ஒலி முக்கியமாகச் சுரத்தின் 31, 33 மடங்கு அதிர்வெண்ணில் விழும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் அது 13,000-ஐத் தாண்டிவிடும், பெரிதாக உறுத்தாது. 55 ஹெர்ட்ஸ் பேஸிலோ 1,705, 1,815 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். நம் காதுக்கு நன்றாகவே கேட்கிற இடம் அது. சைனில் அதை மூடி மறைக்க நடுவே வேறு ஒலியும் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்புங்கள். 0-விலிருந்து 15 வரை ஏறி அப்படியே இறங்கும் முக்கோணம் ஒரு நல்ல தொடக்கம். நின்டெண்டோவின் இன்னொரு பழைய விளையாட்டுக் கருவியான என்இஎஸ்-ஸின் முக்கோணச் சேனலிலும் இதே 32 படிகள்தான். ஆனால் இரு பக்கமும் சமமாக இருப்பதால் அதில் ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸ் (சுரத்தின் 3, 5, 7 என்ற மடங்கு அதிர்வெண்கள்) மட்டுமே கிடைக்கும். உச்சியை இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள்: முதல் 8 படிகளில் 1, 3, 5 என்று 15 வரை ஏற்றி, மீதி 24 படிகளில் மெதுவாக 0-க்கு இறக்குங்கள். இப்போது இரண்டாவது ஹார்மோனிக் பலமாக வரும். 55-ஐ எழுப்ப முடியாத ஸ்பீக்கரிலும் 110, 165 கேட்கும். அவற்றை வைத்தே காது அடிச்சுரத்தைப் புரிந்துகொள்ளும். உறுமல் இன்னும் வேண்டுமென்றால் உச்சியை மேலும் இடப்பக்கம் நகர்த்துங்கள். எந்தச் சுரத்தில் வாசிக்கப்போகிறீர்களோ, அதிலேயே கேட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், வால்யூம். இந்தச் சேனலில் 100, 50, 25 சதவீதம், மௌனம் ஆகிய நான்கே நிலைகள். 25-க்கு இறக்கினால் உயரம் 0 முதல் 3 வரைதான் மிஞ்சும். நீங்கள் வரைந்த வடிவம் உருக்குலைந்துவிடும். 100-க்கும் 50-க்கும் நடுவே ஓர் அளவு வேண்டுமென்றால், அதே அலையை 2-க்கும் 13-க்கும் இடையே சுருக்கி வரைந்து தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது 'டிக்' என்று கேட்டால், அந்த மாற்றத்தைச் சுரம் தொடங்கும் இடத்தில் வையுங்கள்.